நார்தம்பர்லாந்துப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடகோடி மாவட்டம் நார்தம்பர்லாந்து. கிழக்கே வட கடல், வடமேற்கே ஸ்காட்லாந்து எல்லையில் செவியட் மலைகள், தெற்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர். முதல்முறை வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். மழைக்கோட்டு மறப்பது, அறை பதிவு செய்யாமல் வருவது எல்லாம் யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

லிண்டிஸ்ஃபார்ன் சாலையில் "பத்து நிமிஷம்தானே" என்று இறங்குவது

635இல் புனித எய்டன் மடம் அமைத்த தீவு இது. 793இல் வைக்கிங்குகள் சூறையாடியதும் இதைத்தான். ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து பீல் என்ற ஊர் வழியாக மணல்வெளியின் குறுக்கே தீவுக்குச் சாலை போகிறது. அந்தச் சாலையைக் கடல் நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மூடிவிடும். எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன, மூழ்கிய கார்களின் படங்களும் இருக்கின்றன. அப்படியும் ஆண்டுதோறும் கார்கள் மாட்டிக்கொள்கின்றன.

காரணம் சாலையின் அமைப்பு. தீவிலிருந்து கிளம்பும்போது கண்ணுக்கு எட்டிய வரை தார் உலர்ந்தே தெரியும். ஆனால் தாழ்வான இடம் கரைப்பக்கத்துப் பாலத்தருகே இருக்கிறது. அங்கே ஓடும் கால்வாயில்தான் நீர் முதலில் ஏறும். அலை எதுவும் அடித்து வராது. பக்கவாட்டில் சத்தமில்லாமல் பரவும். "முன்னால் போன வண்டி தாண்டிவிட்டதே" என்று நம்பி இறங்குகிறவர் பாலத்தை நெருங்கும்போது சக்கரம் பாதி மூழ்கியிருக்கும். திரும்பலாம் என்று பார்த்தால் பின்னாலும் நீர். முப்பது சென்டிமீட்டர் ஓடும் நீரே சிறிய காரைத் தூக்கிவிடும்.

பாலத்தருகே உயரமான கால்கள் மேல் ஒரு மரக்கூண்டு நிற்கிறது. காரை விட்டுவிட்டு அதில் ஏறி, 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள். உயிரை மீட்பார்கள், கார் அங்கேயே கிடக்கும். உப்புநீர் புகுந்த மின் இணைப்புகள் பிறகு தேறுவது அரிது. கோபம் வருவது காருக்காக அல்ல. படகோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவரும் தன்னார்வலர்கள்.

செய்ய வேண்டியது எளிது. நார்தம்பர்லாந்து கவுன்சில் வெளியிடும் "பாதுகாப்பாகக் கடக்கும் நேரம்" அட்டவணையில் அந்தத் தேதியைப் பாருங்கள். நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். பொதுவான ஓத அட்டவணையைப் பார்த்து நீங்களாகக் கணக்குப் போடவும் வேண்டாம். கவுன்சிலின் நேரமும் கணிப்புதான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கடலிலிருந்து பலத்த காற்றும் சேர்ந்தால் சாலை முன்னதாகவே மூழ்கும். அதனால் பாதுகாப்பு நேரம் முடிவதற்கு அரைமணியாவது முன்பே கடந்துவிடுங்கள். புயல்காற்று நாளிலும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் இன்னும் முன்பாக. தவறவிட்டால் தீவிலேயே இருங்கள். நீர் வற்றும் வரை காத்திருப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

கம்பங்கள் நட்ட யாத்திரிகர் பாதையில் நடக்கிறவர்களுக்கு இந்த நேரம் அப்படியே பொருந்தாது. அது வண்டிகளுக்கானது. மணலில் மூன்று மைல் நடக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, அட்டவணை நேரத்தின் முதல் பாதிக்குள் முடித்துவிட வேண்டும்.

பஃபின் பார்க்க ஆகஸ்டில் வருவது

ஜூலை இறுதிக்குள் இந்தக் கடற்பறவைகளில் பெரும்பாலானவை கடலுக்குப் போய்விடும். மே நடுவிலிருந்து ஜூலை நடுவரைதான் சரியான காலம். சீஹவுசஸ் துறையிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு போகிறது. படகுக் கட்டணம் வேறு, தீவில் இறங்கும் கட்டணம் வேறு. இன்னர் ஃபார்னில் ஆர்க்டிக் ஆலாக்கள் கூட்டைக் காக்கத் தலையிலேயே கொத்தும், ரத்தம் வரும். கெட்டியான தொப்பி அவசியம்.

கடற்கரையில் மூடுபனி என்று நாளையே கைவிடுவது

வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வட கடல் மேல் வரும்போது ஃப்ரெட் எனப்படும் கடற்பனி கரையேறும். பாம்பரோ கோட்டையே கண்ணுக்குத் தெரியாது. அதே நேரம் சில மைல் உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஹேட்ரியன் சுவர்ப் பக்கம் போய்விடுங்கள். சுவரின் மொத்த நீளம் 73 மைல் என்றாலும் பெரும்பகுதி இன்று கண்ணில் படாது. ஹவுஸ்டெட்ஸிலிருந்து மேற்கே ஸ்டீல் ரிக் வரை நடந்தால் சிறந்த பகுதி கிடைக்கும்.

சைகமோர் கேப் மரத்தைத் தேடுவது

ஹேட்ரியன் சுவரருகே தனியாக நின்ற அந்தப் புகழ்பெற்ற மரம் 2023 செப்டம்பரில் வெட்டப்பட்டுவிட்டது.

டன்ஸ்டன்பரோ கோட்டைக்குக் காரில் போக நினைப்பது

சாலை கிடையாது. கிராஸ்டர் கிராமத்தில் நிறுத்திவிட்டுக் கடலோரமாக இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

கீல்டர் வனப்பகுதியில் விண்மீன் பார்க்க ஜூனில் வருவது

அந்த மாதம் அங்கே முழு இருட்டே இல்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை வாருங்கள்.