ஃபேக்ஸ் கவர் பேஜ்: டெம்ப்ளேட் எடிட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் வடிவமைத்த கவர் பேஜில், அதாவது யாருக்கு, யாரிடமிருந்து என்று சொல்லி ஃபேக்ஸின் முன்னால் வைக்கும் தாளில், பெறுநர் பெயருக்குப் பின்னால் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை போட்டிருந்தேன். திரையில் பார்க்க எடுப்பாக இருந்தது. அனுப்பிய அரை மணி நேரத்தில் எதிர்முனையிலிருந்து போன் வந்தது. "பத்துப் பக்கம் வந்திருக்கு சார், ஆனா யாருக்குன்னு படிக்க முடியலையே" என்றார் அங்கே தாளை எடுத்தவர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக ஒரு அழுக்குக் கட்டம்தான் அங்கே அச்சாகியிருந்தது.

கவர் பேஜை வடிவமைக்கும்போது பெறுநரைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் அதை முதலில் கையில் எடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர். பல பேர் பகிர்ந்துகொள்ளும் மெஷின் பக்கமாகப் போகிறவர் தட்டில் கிடக்கும் தாள்களை எடுத்து, இது இன்னாருக்கு, இத்தனை பக்கம் என்று நின்ற நிலையிலேயே பிரித்துவைப்பார். அவருக்கு வேலை சுலபமாக இருந்தால்தான் ஃபேக்ஸ் சரியான மேசைக்குப் போகும். கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அவரை மறந்ததால் வருபவைதான்.

சாம்பல் நிறமும் லோகோவும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாக நின்றுவிடும். இன்றும் ஃபேக்ஸ் பெரும்பாலும் 1980-ல் வகுக்கப்பட்ட குரூப் 3 என்ற தரநிலையில்தான் ஓடுகிறது. தாளை மேலிருந்து கீழாகக் குறுக்கு வரிகளாகப் பிரித்து, ஒரு வரிக்கு 1728 புள்ளிகள் என்று அது அனுப்பும். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. நடுவில் எதுவும் கிடையாது. நீங்கள் எடிட்டரில் போடும் சாம்பல் நிறம், கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றித் தூவிய புள்ளிக்கோலமாகத்தான் போய்ச் சேரும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே எழுத்து இருந்தால் இரண்டும் கலந்துவிடும்.

படிக்க முடியாமல் போவதோடு இது நிற்பதில்லை, நேரத்தையும் தின்னும். எல்லா குரூப் 3 மெஷினுக்கும் தெரிந்த அடிப்படைச் சுருக்க முறை, "இத்தனை வெள்ளை, அப்புறம் இத்தனை கறுப்பு" என்று தொடர்களை எண்ணி அனுப்புகிறது. ஒரு வரி முழுக்க வெள்ளையாக இருந்தால், 1728 வெள்ளை என்று சொல்ல 17 பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி) போதும். வரி முடிவுக் குறியீட்டுக்கு இன்னும் 12 பிட். ஆனால் ஒரு புள்ளி வெள்ளை, அடுத்தது கறுப்பு என்று மாறிக்கொண்டே போனால், ஒற்றை வெள்ளைக்கு 6 பிட், ஒற்றைக் கறுப்புக்கு 3 பிட். ஆக ஒரு வரிக்கு 864 ஜோடி, மொத்தம் 7776 பிட். சுருக்காமலே அனுப்பியிருந்தால் 1728 பிட்டில் முடிந்திருக்கும்! சுருக்கப் போய் நான்கரை மடங்கு வீங்கிவிடுகிறது.

தாளின் அகலம் முழுக்க, 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு இப்படி ஒரு பட்டை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரணத் தெளிவில் மில்லிமீட்டருக்கு 3.85 வரி என்பதால் அது சுமார் 115 வரி. நொடிக்கு 14,400 பிட் வேகத்தில், அந்தப் பட்டை மட்டுமே ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். லைன் சுமாராக இருந்து வேகம் 9,600-க்கு இறங்கினால் ஒன்றரை நிமிடம். அதே இடம் வெறுமையாக இருந்தால் மூன்று வினாடிக்குள் கடந்துவிடும். நல்ல சுருக்க முறைகள் பின்னால் வந்திருக்கின்றன, அவற்றில் இவ்வளவு மோசமாக இராது. ஆனால் எதிர்முனையில் எந்த மெஷின் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதே. இணைப்பு நீள நீள, நடுவில் அறுந்துபோகும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும்.

அதனால் பின்னணி நிறம், நிழல், வாட்டர்மார்க், சாயம் மங்கி மறையும் பட்டை எதுவும் வேண்டாம். பிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு போடுங்கள், போதும். ஒற்றைப் புள்ளி அகலத்துக்கு மெல்லிய கோடு போட்டால் அங்கங்கே அறுந்து வரும். சற்றே தடிமனாக இருக்கட்டும். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வைப்பது அடுத்த ஆசை. கறுப்பு கொஞ்சம் பரவினாலே எழுத்து மூடிக்கொள்ளும், அவர்களுடைய டோனரும் வீணாகும்.

வண்ண லோகோவை அப்படியே செருகுவதும் இதே கதைதான். வெளிர் மஞ்சள் இருந்த இடம் காணாமல் போகும், மற்ற வண்ணங்கள் புள்ளிக்கூட்டமாகும். படம் திருத்தும் ஏதாவது ஒரு மென்பொருளில் லோகோவைக் கறுப்பு வெள்ளை மட்டுமாக மாற்றி, உடைந்த விளிம்புகளைச் சரிசெய்து, அதைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை செய்தால் போதும், ஆண்டுக்கணக்கில் உதவும்.

பொடி எழுத்தும் காணாமல் போகும் புள்ளியும்

சாதாரணத் தெளிவில் ஃபேக்ஸ், குறுக்கே அங்குலத்துக்கு 204 புள்ளிகள் எடுக்கிறது. நெடுக்கே வெறும் 98 வரிதான். 8 பாயின்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை மொத்தமே பதினோரு வரி கிடைக்கும். ஆங்கில எழுத்தே அதில் திணறும்போது தமிழின் சுழிகளும் கொம்புகளும் என்ன ஆகும்? முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. கண்ணன் என்ற பெயர் "கணணன" என்று போய் நிற்கும். அடுத்து ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

பெறுநர் பெயர், ஃபேக்ஸ் எண், பக்க எண்ணிக்கை மூன்றையும் 14 பாயின்டுக்குக் குறையாமல் வையுங்கள். மற்றவை 12. பெயரைத் தடித்த எழுத்தில் போட்டால் இன்னும் தெளிவாகும் என்று தோன்றும். தமிழில் அது பல நேரம் நேர்மாறாக முடியும், சுழிகளின் உள்வெளி நிரம்பிவிடும். தடிமனைக் கூட்டுவதை விட அளவைக் கூட்டுங்கள். கோடுகள் ஒரே சீராக இருக்கும் எழுத்துருவையே எடுங்கள். அலங்கார எழுத்துரு இந்த இடத்துக்கு ஆகாது.

எழுத்துரு விஷயத்தில் இன்னொன்று. டெம்ப்ளேட்டைப் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அமைத்துவிட்டு, முகவரிப் பட்டியலை யூனிகோடில் வைத்திருப்பவர்கள் உண்டு. தலைப்புகள் சரியாக வரும். தானாக வந்து நிரம்பும் பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாகவோ, எழுத்துரு மாறியோ வந்து நிற்கும். இரண்டும் யூனிகோடாக இருந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெயரைக் கையால் தட்டுவது

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டு அனுப்பத்தான் டெம்ப்ளேட் எடிட்டரே இருக்கிறது. ஆனாலும் நேற்று அனுப்பிய கோப்பைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி, இன்று அனுப்புகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. இதில் என்ன நடக்கும் தெரியுமா? மேலே பெறுநர் பெயர் மாறியிருக்கும். கீழே "அன்புள்ள" என்று தொடங்கும் வரியில் பழைய ஆளின் பெயர் அப்படியே இருக்கும். வாங்குகிறவருக்கு இது தனக்கு வந்ததா, அவருக்கு வந்ததா என்று குழப்பம். கூடவே, நீங்கள் யாரோடெல்லாம் தொடர்பில் இருக்கிறீர்கள் என்ற விவரமும் கசிகிறது.

மாறக்கூடிய எதுவாக இருந்தாலும் ஃபீல்டாக, அதாவது விவரம் தானாக வந்து நிரம்பும் இடமாகச் செருகுங்கள். விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேனோடு வரும் கவர் பேஜ் எடிட்டரில், பெறுநர், அனுப்புநர், செய்தி என மூன்று வகை ஃபீல்டுகள் செருகு மெனுவில் இருக்கின்றன. வேர்டில் செய்தால், பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து நிரப்பும் மெயில் மெர்ஜ் வசதி. இரண்டிலும் மெனு வழியாகத்தான் செருக வேண்டும். வேர்டின் இரட்டை அம்புக்குறியைப் பார்த்து அதே மாதிரி கையால் தட்டினால் அது வெறும் எழுத்துதான். "«பெயர்»" என்றே அச்சாகிப் போய்ச் சேரும்.

ஃபீல்டு வைத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று விட்டுவிடவும் கூடாது. எடிட்டரில் பெட்டியின் அகலத்தை "ரவி" என்ற பெயரை வைத்து முடிவு செய்திருப்போம். நீளமான பெயரும் பதவியும் கொண்ட ஒருவருக்கு அனுப்பும்போது பாதியில் வெட்டுப்படும், அல்லது அடுத்த வரியின் மேல் ஏறி உட்காரும். உங்கள் பட்டியலில் உள்ள மிக நீளமான பெயரை எடுத்து, அதை வைத்துப் பெட்டியை அளவெடுங்கள்.

காலியாகப் போகும் ஃபீல்டுகள் இன்னொரு தலைவலி. துறை, அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, கட்டட எண் என்று எடிட்டரில் இருக்கும் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிடுகிறோம். முகவரிப் பட்டியலிலோ பெயரும் எண்ணும்தான் இருக்கும். கடைசியில் "துறை:", "தொலைபேசி:" என்று வெறும் தலைப்புகள் வரிசையாக நிற்கும், நடுவில் உண்மையான தகவலைத் தேட வேண்டியிருக்கும். எல்லாப் பெறுநர்களுக்கும் உங்களிடம் கையில் இருக்கும் விவரம் எதுவோ அதற்கு மட்டும் ஃபீல்டு வையுங்கள். விண்டோஸ் மென்பொருளில் அனுப்புநர் பகுதி காலியாக வந்தால் டெம்ப்ளேட்டைக் குடையாதீர்கள். கருவிகள் மெனுவில் அனுப்புநர் தகவல் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள்.

பக்க எண்ணிக்கையும் தேதியும்

"பக்கங்கள்: 6" என்றால் கவர் பேஜையும் சேர்த்தா, சேர்க்காமலா? அனுப்பியவர் ஒன்று நினைத்திருப்பார், வாங்கியவர் இன்னொன்று. எதிர்முனையில் தாள் தீர்ந்து கடைசிப் பக்கம் வராமல் போனால், அதைக் கண்டுபிடிக்க இந்த எண்தான் கைகொடுக்கும். "இந்தத் தாளையும் சேர்த்து மொத்தப் பக்கங்கள்" என்று முழுசாக எழுதிவிடுங்கள். உங்கள் மென்பொருள் தானாக இடும் எண் அப்படித்தான் எண்ணுகிறதா என்பதையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

தேதிக்கு வேர்டில் தானாகப் புதுப்பிக்கும் தேதியைச் செருகியிருந்தால், ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது அன்றைய தேதியைக் காட்டும். எப்போது அனுப்பினோம் என்பதற்கு அதை ஆதாரமாக வைத்திருந்தால் சிக்கல்தான். அனுப்பிய பிரதியைப் பிடிஎஃப் ஆகவோ டிஃப் (TIFF) படமாகவோ சேமித்துக்கொள்ளுங்கள்.

பொருள் வரியில் ரகசியத்தை எழுதுவது

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. உள்ளே இருக்கும் பக்கங்களுக்கு மூடியாக இருக்கட்டும் என்றுதான் கவர் பேஜ் போடுகிறோம். அந்த மூடியிலேயே, பொருள் என்ற இடத்தில், ஒருவருடைய பெயரோடு ரத்தப் பரிசோதனை முடிவு என்றோ கடன் பாக்கி என்றோ எழுதினால் மூடி எதற்கு? அந்த வழியாகப் போகிற எல்லோரும் படிக்கலாம். "நீங்கள் கேட்ட ஆவணங்கள்" என்று எழுதுங்கள், அல்லது இரு தரப்புக்கும் தெரிந்த கோப்பு எண்ணைப் போடுங்கள். பொருள் ஃபீல்டு மின்னஞ்சல் தலைப்பிலிருந்து தானாக நிரம்பும் ஏற்பாடு இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

அடியில் பொடி எழுத்தில் பத்து வரிக்கு ஓடும் ரகசிய எச்சரிக்கை ஃபேக்ஸில் கறையாகத்தான் தெரியும். "இது உங்களுக்கு உரியதல்ல என்றால் தயவுசெய்து இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று ஒரே வரி, படிக்கிற அளவில், தாளின் மேல்பாதியில் இருந்தால் பலன் உண்டு. அந்த எண் ஆள் எடுத்துப் பேசும் எண்ணாக இருக்க வேண்டும். ஃபேக்ஸ் எண்ணையே அங்கே போட்டுவைத்திருக்கும் டெம்ப்ளேட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறாக வாங்கியவர் அழைத்தால் கீச்சென்ற சத்தம்தான் கேட்கும்.

ஓரங்கள்

அனுப்பும் மெஷின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நேரம், எண் அடங்கிய ஒரு வரியைத் தானே சேர்க்கும். உங்கள் லோகோ உச்சியை ஒட்டி இருந்தால் அதன் மேலேயே அந்த வரி விழலாம். சில மெஷின்கள் வரியைப் பக்கத்துக்கு வெளியே சேர்க்கும். அப்போது பக்கம் கொஞ்சம் நீண்டு, கடைசி இரண்டு வரி தனித் தாளில் வந்து விழும். ஏ4 தாள் 297 மில்லிமீட்டர், லெட்டர் தாள் 279 மட்டுமே என்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடும். மேலே ஒன்றரை சென்டிமீட்டர் விடுங்கள், கீழே மூன்று.

அனுப்புவதற்கு முன்

மூல டெம்ப்ளேட்டிலேயே விவரங்களை நிரப்பிச் சேமித்துவிடுவது அடிக்கடி நடக்கும். மூலத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். ஒரே டெம்ப்ளேட்டின் நகல் ஐந்து கணினிகளில் இருந்தால் தொலைபேசி எண் மாறும்போது நாலில் மாற்றுவோம், ஐந்தாவது பழைய எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் திறக்கக்கூடிய ஒரே இடத்தில் வைத்துவிட்டால் இது வராது.

எடிட்டரின் முன்னோட்டத்தை நம்ப வேண்டாம், அது சாம்பல் நிறத்தைச் சாம்பலாகவே காட்டும். உங்களிடமே உள்ள இன்னொரு எண்ணுக்கோ தெரிந்தவருக்கோ, சாதாரணத் தெளிவில், பட்டியலின் மிக நீளமான பெயரைப் போட்டு ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். வந்த தாளை, இந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் கையில் கொடுத்து, "இது யாருக்கு, மொத்தம் எத்தனை பக்கம், தப்பாக வந்திருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் விரல் தாளில் தேடி அலைகிறதோ, அந்த ஃபீல்டைத் திருத்திவிட்டு மறுபடி ஒரு பக்கம் அனுப்புங்கள்.