கோடியக்கரை சீசனுக்குப் படகு இறக்கும் முன்: கணவனும் மனைவியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைப்படகுக்காரர்களுக்கு மராமத்துக் காலம் என்றால் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான். பைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு அப்படிக் கட்டாய ஓய்வு கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் தொழிலுக்கு நடுவே நேரம் ஒதுக்கித்தான் படகைச் சரிபார்க்க வேண்டும். அக்டோபர் பிறந்தால் கோடியக்கரை மீன்பிடி சீசன். தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போய், மார்ச் வரை அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் பார்ப்பார்கள். சட்டி பானை, துணிமணி எல்லாம் வேனில் போகும். படகு கடல் வழியாகப் போகும்.

இந்தத் தயாரிப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பெரிய தவறு, படகு முழுக்க ஒருவர் தலையில் மட்டும் இருப்பது. என்ஜினும் வலையும் கணவர் பாடு, பணமும் சாமானும் மனைவி பாடு என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். எந்த பிளக் போன வருஷம் மாற்றியது, எந்த இடத்தில் விரிசல் அடைத்தது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்பதெல்லாம் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் கடலில் இருக்கும்போது ஏதாவது ஆனால் கரையில் இருப்பவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆகவே, கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதி வையுங்கள். அது போதும்.

முதலில் படகின் உடம்பு. நல்ல நாள் பார்த்துத் தேதி குறித்துவிட்டு, அந்தத் தேதிக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று பைபர் வேலையை அவசரப்படுத்துவது பரவலாக நடக்கிறது. பூஜை போட்டுத்தான் இறக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வேலை முடிந்த பிறகு நாள் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்குமுன் கிடைக்கும் காய்ந்த நாட்கள்தான் ரெசினுக்கு, அதாவது பைபரை ஒட்டும் பிசினுக்கு, ஏற்றவை. ஈரத்தில் ஒட்டிய மேட் (கண்ணாடியிழை விரிப்பு) பார்க்க ஒட்டியதுபோல் இருந்தாலும் நாலு அலை அடித்ததும் உரிந்து வந்துவிடும். விரிசல் உள்ள இடத்தை முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பு இருந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவியபின் ஓரிரு நாள் வெயிலில் காயவிட்டு அப்புறம் தேய்க்கலாம்.

தேய்ப்பதிலும் கஞ்சத்தனம் கூடாது. விரிசல் தெரியும் இடத்தில் மட்டும் சுரண்டி மேலே ஒரு துண்டு மேட் போட்டால் அது தாங்காது. படகுச் சுவரின் கனத்தைப் போல ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனம் என்றால், ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டர். அப்போதுதான் புது மேட் பழைய உடம்பைப் பிடித்துக்கொள்ளும். குழாய் ஒழுகலுக்குப் பூசும் பசையை விரிசலில் திணித்து மேலே பெயிண்ட் அடிப்பது படகை ஏமாற்றும் வேலை. பசை பூசிய இடத்தில் பிறகு ரெசின் போட்டாலும் சரியாகப் பிடிக்காது.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கண்ணளவை நம்பாதீர்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை. வெயில் உச்சத்தில் 10 பக்கமே நில்லுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று அள்ளி ஊற்றினால் கொதித்து, வெடித்து, மொறுமொறுவென்று ஆகிவிடும். அதைவிட முக்கியம், இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்துவதும் இதே ஆபத்துதான். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மீந்த பாட்டிலைக் கொட்டகையில் அடுப்புப் பக்கம் வைப்பது, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது இரண்டையும் உடனே நிறுத்த வேண்டும்.

பைபர் படகின் முன்னும் பின்னும் அடைப்பான அறைகள் இருக்கும். உள்ளே தெர்மாகோலோ நுரையோ அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் முழுகாமல் மிதப்பது இவற்றால்தான். விளக்குக் கம்பி நிறுத்த, கொக்கி மாட்ட என்று இந்த அறைகளில் துளை போட்டுவிடுகிறார்கள். அந்தத் துளை வழியே தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். படகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போகும், யாரும் கவனிப்பதில்லை. கரையில் நிற்கும்போது கையால் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கலகல என்றும் இன்னொரு பக்கம் மந்தமாகவும் சத்தம் வந்தால் உள்ளே தண்ணீர் இருக்க வாய்ப்புண்டு. வடித்து, காயவைத்து, அடைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். தினமும் மணலில் ஏற்றும் படகானால் அடிப்பகுதி மணலில் தேய்ந்திருக்கும், அதையும் குனிந்து பார்க்க வேண்டும். ஆற்றில் கட்டிப்போடும் படகானால் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிப்பி வகை) பிடித்திருக்கும். அதைச் சுரண்டாமல் விட்டால் ஓட்டமும் குறையும், எண்ணெய்ச் செலவும் கூடும்.

என்ஜினில் முதல் தவறு, ஓடுகிற என்ஜின்தானே என்று விட்டுவிடுவது. படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜினின் கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. அதை அப்படியே விட்டால் நடுக்கடலில் கியர் கடிக்கும். என்ஜின் ஓடும்போது பக்கத்திலிருந்து தண்ணீர் பீச்சி அடிக்க வேண்டும், அதுதான் குளிர்விப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளம். பீச்சல் மெலிந்தால் அந்தத் தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. ஆறுகள் பெருக்கெடுக்கும்போது வெங்காயத்தாமரை கும்பல் கும்பலாகக் கடலுக்கு வரும். அரசலாறு, வெட்டாறு, கடுவையாறு என்று எந்த முகத்துவாரத்தைத் தாண்டினாலும் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டையை அது அடைத்துக்கொள்ளும். தாண்டியதும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

என்ஜினில் மாட்டியிருக்கும் ஜிங்க் கட்டியின் மேல் பெயிண்ட் அடிப்பது தெரியாமல் செய்யும் பெரிய கெடுதல். உப்புத்தண்ணீர் அரிக்க வேண்டியது அந்தக் கட்டியைத்தான், என்ஜினை அல்ல. அதை மூடிவிட்டால் அரிப்பு அலுமினியத்தில் இறங்கும். பாதிக்குமேல் கரைந்திருந்தால் புதுசு மாட்டுங்கள். மண்ணெண்ணெய் என்ஜின் என்றால் நிறுத்துவதற்குச் சற்று முன்னால் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்தும் பழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் விடியற்காலை கயிறு இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பம்புகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் அதிகமானால் பெட்ரோலிலிருந்து பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். சீசனுக்கு என்று மொத்தமாக வாங்கிப் பாதி நிரம்பிய கேன்களில் மாதக்கணக்கில் வைத்திருப்பது அதனால் சரிவராது. சிறுகச் சிறுக வாங்குங்கள், வடிகட்டி ஊற்றுங்கள். எண்ணெய்க் கேனையும் குடிதண்ணீர்க் கேனையும் நிறத்தால் பிரித்துவிடுங்கள், இருட்டில் தடவி எடுக்கும்போது அது கைகொடுக்கும். பிளக், பிளக் ஸ்பேனர், ஷியர் பின் (புரொப்பல்லர் எதிலாவது மோதினால் உடையும் ஊசி), கத்தி, தண்ணீர் இறைக்கும் வாளி, ஒரு துடுப்பு ஆகியவை எப்போதும் படகிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து வழி. வரைபடத்தில் பார்த்தால் தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரைவரை கரை ஏறக்குறைய நேர் தெற்காகப் போகிறது. தூரம் சுமார் 45 கடல் மைல், நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பினால் 30-க்குச் சற்றுக் குறைவு. வாடைக்காற்று தொடங்கியபின் காற்றும் நீவாடும் (நீரோட்டமும்) தெற்கு நோக்கியே தள்ளும். போகும்போது படகு வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் கணக்கை வைத்துத் திரும்பும் எண்ணெயைப் போடுவதுதான் தவறு. பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து வடக்கே வர வேண்டும். எவ்வளவு கூடுதலாகக் குடிக்கும் என்பது படகைப் பொறுத்தது. அதனால் சீசனுக்கு முன்பே வலை, ஐஸ், ஆள் என்று முழுப் பாரத்தோடு ஒரு மணி நேரம் காற்றை எதிர்த்து ஓட்டி, கேனில் குறைந்ததை அளந்து நோட்டில் எழுதுங்கள். வெறும் படகை ஓட்டி எடுத்த கணக்கு உதவாது. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று பெரியவர்கள் போடும் கணக்கு சரியானது. எதிர்க்காற்று நாட்களில் வருவதற்கான பங்கை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வழியில் ஒதுங்க வேண்டிவந்தால் முகத்துவாரங்கள்தான் கதி. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் வெளியே தள்ளும், கிழக்கிலிருந்து அலை உள்ளே தள்ளும், இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். மணல்திட்டும் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். போன வருஷம் நுழைந்த வாய்தானே என்று அதே கோட்டில் விடக்கூடாது. அந்தந்த ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர்கூடத் தேறாது என்பது உண்மைதான். ஆனாலும் வற்றத்தில் நுழைவதைவிட ஏற்றத்தில் நுழைவது எப்போதும் பாதுகாப்பு.

கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அங்கே வடகாற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் தண்ணீர் அமைதியாகத் தெரியும். பார்த்தால் கிளம்பலாம் போலத்தான் இருக்கும். ஆனால் என்ஜின் நின்றால் அதே காற்று உங்களை வெளியே தள்ளும். வெளியே இருப்பது 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் வகுத்த சர்வதேசக் கடல் எல்லை. ஜிபிஎஸ்ஸில் எல்லைக்கோட்டின் மேலேயே எச்சரிக்கைப் புள்ளி வைப்பது அதனால் பிழை. மணி அடிக்கும்போது நீங்கள் தாண்டியிருப்பீர்கள். சில மைல் இந்தப் பக்கமாகவே வையுங்கள். இரவில் வலை விட்டுக் கண்ணயர்ந்தால் நீரோட்டத்தில் வலையும் படகும் சேர்ந்தே நகரும், அதனால் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

என்ஜின் நின்றால் காப்பாற்றுவது நங்கூரம். நங்கூரம் இருக்கும், கயிறுதான் பற்றாது. 5 மீட்டர் ஆழம், தண்ணீருக்கு மேல் படகின் முகப்பு 1 மீட்டர் என்றால் மொத்தம் 6. குறைந்தது அதன் ஐந்து மடங்கு, 30 மீட்டர் விட வேண்டும். காற்று பலமானால் ஏழு மடங்கு, 42 மீட்டர். மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு புரொப்பல்லரில் சுற்றும், வெயிலில் நைந்தும்போகும். நைலான் அமிழும், இழுபட்டுக் கொடுக்கும். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி சேர்த்தால் நம் சேற்றுத் தரையில் பிடிப்பு நன்றாக இருக்கும்.

லைஃப் ஜாக்கெட்டை உட்காரப் போட்டு நசுக்காதீர்கள். ஆளாளுக்குப் போட்டுப்பார்த்து, இடுப்பளவுத் தண்ணீரில் மிதந்தும் பாருங்கள். விளக்கில் இடதுபக்கம் சிவப்பு, வலதுபக்கம் பச்சை, உயரத்தில் வெள்ளை. காரைக்கால் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களின் கண்ணில் நாம் படுவது இவற்றால்தான். பதிவுச் சான்று, அடையாள அட்டை எல்லாம் தண்ணீர் புகாத உறையில் அசலாகப் படகில் இருக்கட்டும், நகல் வீட்டில் இருக்கட்டும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. கரையில் ஏற்றி வைத்த படகுகளும் அன்று தப்பவில்லை. அதனால் கொட்டகை போடும் நாளிலேயே படகை எந்த மேட்டுக்கு இழுப்பது, எதில் கட்டுவது, இழுக்க யார் யார் வருவார்கள், என்ஜினைக் கழற்றி எங்கே வைப்பது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் இதையெல்லாம் செய்ய வேண்டியவர் அந்த அம்மாதான். என்ஜினை எப்படிக் கழற்றுவது, வடிகால் தக்கை எங்கே இருக்கிறது என்பதை அவரும் கையால் செய்து பழகியிருக்க வேண்டும்.

கடைசியாக, செல்போனை நம்பிப் போவது. கரையிலிருந்து சில மைல் தாண்டினால் டவர் கிடைக்காது. விஎச்எஃப் என்னும் ரேடியோக் கருவி இருந்தால் 16-ஆம் சேனலில் கூப்பிட வீட்டில் உள்ளவர்களும் கற்றுக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. இரண்டு எண்ணையும் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நோட்டில் படகின் பதிவு எண், ஆட்களின் பெயர், போகும் திசை, எவ்வளவு எண்ணெய், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுத வேண்டும். கூடவே, திரும்பும் நேரத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்துத் தகவல் சொல்வது என்பதையும் இருவரும் சேர்ந்து முடிவுசெய்து எழுதுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால் நடுராத்திரியாக இருந்தாலும், அக்கம்பக்கத்தார் “விடியட்டும் பார்க்கலாம்” என்றாலும், கரையில் இருப்பவர் போனை எடுத்துத் தகவல் சொல்லிவிட வேண்டும்.