வெளிநாட்டில் தன்னார்வப் பணியை முடித்துவிட்டு அடுத்த நாட்டுக்குக் கிளம்புவது எப்படி?

கிளம்ப நான்கு வாரம் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள். கடைசி வாரம் விருந்து, மூட்டை கட்டுவது, டிக்கெட் பார்ப்பது என்று ஓடிவிடும். அதில் அடிபடுவது பெரும்பாலும் நீங்கள் இத்தனை நாள் பார்த்த வேலைதான். நீங்கள் போன மறுநாளும் அது தடங்கல் இல்லாமல் நடக்க வேண்டும். மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

படி 1: தேதியை உறுதி செய்யுங்கள்

விசா செல்லுபடியாகும் தேதி வேறு, தங்க அனுமதித்த நாட்கள் வேறு. இரண்டையும் பார்த்து, எது முன்னால் வருகிறதோ அதற்கும் சில நாள் முன்பாகவே பயணத்தை வையுங்கள். ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள்) குறுகிய கால விசாவில் இருப்பவர்கள் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஜெர்மனியில் பணி முடிந்து இத்தாலிக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது, அதே 90 நாள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளியேறுவதற்கே அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு. பிலிப்பைன்ஸில் சுற்றுலா விசாவில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தவர்கள் குடிவரவுத் துறையிடம் அதற்கான சான்றிதழ் வாங்கித்தான் கிளம்ப முடியும். அதை விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்த நாட்டின் நிபந்தனைகளையும் இப்போதே பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து போகிறீர்கள் என்றால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் முதல் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி நிமிடத்தில் ஓடிப் பயனில்லை. முன்பே போட்டிருந்தால் கவலை வேண்டாம். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

படி 2: வேலையை ஒப்படையுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க, நீங்கள் செய்வதையெல்லாம் செய்த உடனேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் பெரிய விஷயங்கள்தான் வரும். அடுத்து வருபவர் தடுமாறுவதோ சின்ன விஷயங்களில்.

ஒரு பண்ணையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "தினமும் செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. இப்படி எழுதுங்கள்: "காலை ஏழு மணிக்குள் வால்வைத் திறக்கவும். மூன்றாம் வரிசைச் சொட்டுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கடைசியில் உள்ள மூடியைக் கழற்றி, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு மூடவும். உதிரி மூடிகள் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் டப்பாவில் இருக்கின்றன." இதைப் படித்துவிட்டு புதியவர் நேராகப் போய் வேலையைப் பார்க்கலாம்.

பாதியில் நிற்கும் வேலைகளைத் தனியாக எழுதி, எது வரை முடிந்தது, அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று குறியுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஆர்வம் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அரைகுறையாக நிற்கும் ஒரு திட்டம் அங்கே இருப்பவர்களுக்குக் கூடுதல் சுமை.

பிறகு, அந்த வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. சாவிகள், கடவுச்சொற்கள், பகிர்ந்த கோப்புகளின் உரிமை, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு எல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டு, உங்கள் கணக்கை நீக்கச் சொல்லுங்கள்.

படி 3: விடைபெறுங்கள்

குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் திடீரென்று மறைந்துவிடக் கூடாது. பொறுப்பாளரிடம் பேசி, ஒன்றிரண்டு வாரம் முன்னாடியே எந்த நாளில் போகிறீர்கள், பிறகு யார் வருவார்கள் என்று குழந்தைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "கட்டாயம் திரும்பி வருவேன்" என்று உறுதியில்லாமல் சொல்ல வேண்டாம். அவர்கள் அதை நம்பிக் காத்திருப்பார்கள். தனிப்பட்ட தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டாம். அவர்களின் புகைப்படங்களை வெளியிட அமைப்பின் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் வெளியிடாதீர்கள்.

படி 4: காகிதமும் பணமும்

பணிச் சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிந்த தேதி, செய்த வேலை மூன்றும் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைப் பற்றியும் விசாரியுங்கள். பின்னாளில் கனடாவில் குடியேற விண்ணப்பித்தால், கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த நாடுகளிலிருந்து அது கேட்கப்படும். பணி செய்த நாட்டில் இருக்கும்போதே அதை வாங்குவது பெரும்பாலும் எளிது.

உள்ளூர் சிம்மைக் கழற்றுவதற்கு முன் எந்தெந்தக் கணக்குக்கு ஓடிபி அந்த எண்ணுக்கு வருகிறது என்று பார்த்து மாற்றிவிடுங்கள். மிச்சமுள்ள நாணயங்களைச் செலவழித்துவிடுங்கள், நாணயமாற்றுக் கடைகளில் பொதுவாகத் தாள்களைத்தான் வாங்குவார்கள். துனிசிய தினார் போல நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவே தடையுள்ள பணமும் உண்டு.

படி 5: மூட்டை

பண்ணையிலோ காட்டிலோ வேலை செய்தவர்கள் ஷூவின் அடிப்பள்ளங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பையில் வையுங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கடந்த 30 நாளில் பண்ணைக்குப் போனீர்களா என்று நுழையும்போதே கேட்கும். போயிருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். ஷூவைப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். மறைத்தால் அபராதம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

இரண்டு வாரம் கழித்து, ஒப்படைத்த வேலையில் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள்.

மலேரியா தடுப்பு மாத்திரையை ஊர் மாறியதும் நிறுத்திவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும். அப்படியும், வந்து சில மாதம் ஆன பிறகுகூடக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், எந்த நாட்டில், எந்தப் பகுதியில் இருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.