அட்வான்ஸைச் சீனியர் கையில் கொடுக்காதீர்கள்: சேப்பாக்கத்துக்குப் படிக்க வருகிறவர்களுக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடிகிற சமயம் திருவல்லிக்கேணித் தெருக்களில் பெட்டியும் பிளாஸ்டிக் பக்கெட்டுமாகப் பிள்ளைகள் அலைவதைப் பார்க்கலாம். சேப்பாக்கத்தில் படித்துவிட்டு இதே பேட்டையிலேயே தங்கிவிட்டவன் நான். அதனால் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் யாரிடமாவது என் நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ரூம் பார்த்துக் கொடுப்பது, வீட்டுக்காரரிடம் பேசுவது, எந்த ஆபீஸில் எந்தச் சீட்டு வாங்குவது என்று வழி சொல்வது, வருடா வருடம் எனக்கு இதே வேலை. வருகிற முகம்தான் மாறுகிறது. தப்பு என்னவோ எங்கள் செட் செய்த அதே தப்புதான்.

பர்ஸைப் பத்திரமாக வை, ஃபுட்போர்டில் தொங்காதே, கிளாஸுக்கு ஒழுங்காகப் போ என்பதையெல்லாம் வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எந்த வளாகம் என்று கேட்காமல் ரூம் எடுப்பது

மெட்ராஸ் யுனிவர்சிட்டி என்றதும் பீச், செனட் ஹவுஸ், சிவப்புக் கட்டடம் என்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இன்றைக்குச் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு என்று ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. இயற்பியல், வேதியியல், தாவரவியல் எல்லாம் கிண்டியில். மருத்துவம் சார்ந்த அடிப்படை அறிவியல் படிப்புகள் தரமணியில். செனட் ஹவுஸ் படத்தைப் பார்த்துவிட்டு ஐஸ் ஹவுஸ் பக்கம் ரூம் போடுகிற கெமிஸ்ட்ரி மாணவர் எப்படியும் ஒருவர் வந்து மாட்டுவார். தரமணிக்காவது சேப்பாக்கம் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் நேராகப் போய்விடலாம். கிண்டிக்கு மெட்ரோ இருக்கிறது, ஆனால் தினமும் அதில் போய்வருகிற காசுக்கு ஒரு வேளைச் சாப்பாடே வந்துவிடும். துறை ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு ரூம் தேடுங்கள்.

இன்னொன்று: சேப்பாக்கத்துக்காரர்களுக்குக் கிரிக்கெட் ஸ்டேடியம் அடுத்த காம்பவுண்டு. ஏப்ரல், மே மாதம் ஐபிஎல் மேட்ச் இருக்கும் சாயங்காலம் வாலாஜா சாலைப் பக்கம் மஞ்சள் சட்டைதான். மறுநாள் பரீட்சை என்றால் முன்கூட்டியே வேறிடத்தில் உட்கார்ந்து படிக்கிற வழியைப் பாருங்கள்.

மேன்ஷனில் தண்ணீரைப் பார்க்காதது

மேன்ஷன் என்கிற வாடகை அறைக் கட்டடத்தில் ரூம் பார்க்கும்போது ஜன்னல் இருக்கா, வைஃபை வருமா என்று கேட்கிறார்கள். நீங்கள் காலை ஏழரை மணிக்குப் போய் பாத்ரூம் வாசலில் எத்தனை பேர் துண்டோடு நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஆளுக்கு இத்தனை பக்கெட் என்று கணக்கு வைத்த மேன்ஷன்கள் உண்டு. மெட்ரோ வாட்டர் என்கிற குழாய்த் தண்ணீர் எப்போது வரும், போர்வெல் இருக்கிறதா, லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தக் காசு யார் தலையில் விழும், இந்த மூன்றையும் கேட்டால் போதும்.

பெண்கள் விடுதியில் கேட் பூட்டும் நேரத்தை விசாரிக்காதது

வாடகையையும் சாப்பாட்டையும் விசாரிக்கிறார்கள், இதை மட்டும் கேட்பதில்லை. ஏழரைக்கு கேட் பூட்டுகிற விடுதியில் சேர்ந்துவிட்டால் மாலைச் சொற்பொழிவு, நூலகம், ஆய்வுக்கூடம் எல்லாவற்றிலும் பாதியில் எழுந்து ஓடிவர வேண்டும். விடுதிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்று 2014இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் நடத்தக் கூடாது. "கேட்டா தப்பா நினைப்பாங்க" என்று ஒரு தங்கச்சி தயங்கினாள். தப்பாக நினைக்கிற இடம் நமக்கு வேண்டாம்.

அட்வான்ஸைச் சீனியரிடம் கொடுப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ராயப்பேட்டை, மீர்சாகிப்பேட்டை, ஜாம்பஜார் பக்கம் ஒரு மாடி வீடு. நாலு பையன்கள் சேர்ந்து இருப்பார்கள். படிப்பு முடிந்து ஒருவர் காலி பண்ணும்போது புதிதாக வருகிற ஜூனியரை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவார். "என் பங்கு அட்வான்ஸ் இருபத்தஞ்சாயிரம். அதை எனக்குக் கொடுத்துடு. நீ போறப்ப உனக்குப் பின்னாடி வர்றவன்கிட்ட வாங்கிக்கோ." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. புரோக்கர் கமிஷன் கிடையாது, பெயிண்ட் காசுப் பிடித்தம் கிடையாது, வீட்டுக்காரரோடு பேச்சே கிடையாது. கேட்கிறவர் ஏமாற்றுக்காரரும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் இதே தொகையை இன்னொரு அண்ணனிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பார்.

எனக்கு எரிச்சலே அதில்தான். ஒருத்தன் ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இங்கே வரிசையில் நிற்கிற எல்லாரும் யோக்கியர்கள். வீட்டுக்காரர் "இடிச்சுக் கட்டப் போறோம், ரெண்டு மாசத்துல காலி பண்ணிக்கொடுங்க" என்று சொல்லும் நாளில் உள்ளே இருப்பவன் தலையில் மொத்தமும் விடிகிறது. அவனுக்குப் பின்னால் வர ஆளே இல்லை.

துறையூர்ப் பக்கத்திலிருந்து வரலாறு படிக்க வந்த தம்பி ஒருவன். அம்மாவின் தோடும் செயினும் அடகில் இருந்தன, அந்தப் பணத்தில்தான் சீனியருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான். காலி பண்ணச் சொன்னதும் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போனான். அவர் திட்டவோ சத்தம் போடவோ இல்லை. உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துவந்தார். நடுவில் மடித்து வைத்திருந்த ஸ்டாம்ப் பேப்பரை விரித்து, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்தினார்.

"இதுல உன் பேர் எங்கப்பா இருக்கு?"

இல்லை. நாலு பெயர் இருந்தது, நாலு பேருமே எப்போதோ படித்து முடித்துப் போனவர்கள். முதல் பெயர்க்காரர் ஓசூரில் வேலையில் இருக்கிறார். அவரிடமிருந்துதான் பணம் வாங்கியதாக நோட்டில் எழுதியிருக்கிறது, அதனால் அவருக்கே அனுப்பிவிட்டேன் என்றார் அந்த அம்மா. அதுவும் முழுசாக இல்லை. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, உடைந்த கீசருக்கு ஒரு தொகை, யாரோ கட்டாமல் விட்ட கரண்ட் பில், எல்லாம் கழித்தது போக மிச்சம். ஓசூர்க்காரருக்கு ஃபோன் போட்டால் அவர் பாவம், "காசு வந்திருக்குண்ணே, ஆனா இது யாரோடதுன்னு எனக்கே தெரியல. என் பங்கை நான் அப்பவே வாங்கிட்டேன்" என்கிறார். உள்ளே இருந்த நாலு பேரும் அதில் பங்கு கேட்டார்கள். கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு ஒருவரிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் பழைய மெசேஜைத் தேடித் தேடி, யார் யாரிடம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டோம். தம்பிக்குப் பாதிகூடத் தேறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 2017ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் அதெல்லாம் வாடகைதாரருக்கு. சீனியர் இடத்தில் போய் உட்கார்ந்த நீங்கள் வாடகைதாரரே இல்லை. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விடுவதையும் அதே சட்டம் அனுமதிப்பதில்லை. ஆக, நியாயம் கேட்கப் போனால் முதல் கேள்வியே "நீங்க யாரு?" என்றுதான் வரும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதால் மாட்டுகிற தொகையும் சின்னதாக இருப்பதில்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் கஷ்டமில்லை. காலி பண்ணுகிற சீனியருக்கு வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும், நீங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். ஒரே நாளில், ஒரே கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம். கையில் கொடுக்காமல் பேங்க் வழியாக அனுப்பி, 'இன்ன வீட்டு அட்வான்ஸ், என் பங்கு' என்று குறிப்பு எழுதுங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள், அதைப் புதுப்பிக்கும்போது பழைய பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலாவது, இன்னாருக்குப் பதில் இன்னார், இவ்வளவு அட்வான்ஸ் என்னிடம் இருக்கிறது என்று வீட்டுக்காரர் கையால் ஒரு வரி, ஒரு கையெழுத்து, தேதி.

"அதெல்லாம் உங்களுக்குள்ள பார்த்துக்குங்கப்பா" என்பார்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, சோம்பல். அப்போது பணிவாக, "ஆன்ட்டி, ஊர்ல அப்பா கேக்குறாரு, ரசீது அனுப்பணும்" என்று சொல்லுங்கள். அப்பாவின் பெயரைச் சொன்னால் பேனா எடுத்துவிடுவார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் அந்த வீடு வேண்டாம். மேன்ஷனில் ஒரு மாதம் இருந்துகொண்டே வேறு தேடலாம்.

நாலு பேர் சேர்ந்து புதிதாக வீடு எடுப்பதாக இருந்தால் நாலு பெயரும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். நடுவில் ஒருவன் வேலை கிடைத்துப் போனால் அவன் பங்கு வாடகையை எத்தனை மாதம் தருவான் என்பதையும் முதல் வாரமே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பவன்தான் முதலில் காலி பண்ணுகிறான், இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

சப் மீட்டர்

உங்கள் கரண்ட் செலவைத் தனியாகக் காட்டுகிற மீட்டர் இது. குடிவந்த அன்றே அதன் ரீடிங்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் படிப்பை விட்டுப் போவது

இங்கே சேர்ந்த பிறகு வேறு இடத்தில் சீட் கிடைக்கும். பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு வகுப்புக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். கட்டிய பணத்தைக் கேட்பதே இல்லை. யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பில் இதற்குக் கணக்கே இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் எழுதிக் கொடுத்தால், நடைமுறைச் செலவாக ஒரு சிறு தொகை போக முழுக் கட்டணமும் திரும்ப வரும். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்கு மேல் பைசா கிடையாது. நாள் கணக்கு ஓடுவது நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்திலிருந்துதான். வகுப்புக்கு வராமல் நின்ற தேதியை வைத்து யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. கடிதத்தின் நகலில் சீல் வாங்காமல் ஆபீஸை விட்டு வராதீர்கள்.

நூலகத்தைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிப்போடுவது

இந்த ஊரில் படிக்கிறவனுக்குக் கிடைக்கிற வசதி வேறெங்கும் எளிதில் வாய்க்காது. எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா. இந்தியாவில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றும் சட்டப்படி ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. அறை நண்பன் தூங்கவிடாத நாட்களில் போய் உட்கார ஏசி இடம், காசு கிடையாது.

ஆனால் பிராஜக்ட் கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது ஆவணக் காப்பகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே துறையிலிருந்து கடிதம் கேட்பார்கள். கடிதத்தோடு போனாலும் பட்டியலைப் பார்த்து எண் எழுதிக் கொடுத்து, ஆவணக் கட்டு உள்ளேயிருந்து வருகிறவரை காத்திருக்க வேண்டும். கூகுளில் தேடுவதுபோல் தட்டினால் விழாது. முதல் செமஸ்டரிலேயே ஒரு தடவை போய் அட்டை வாங்கி, பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தால் தலைப்பு தேர்ந்தெடுப்பதே வேறு மாதிரி ஆகிவிடும்.

அரியரை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுவது

அடுத்த செமஸ்டரில் புதுசாக இரண்டு வரும்.

வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்குக் கிளம்புவது

முதல் இரண்டு மாதம் யாரும் எதுவும் சொல்ல முடியாது, வீட்டு ஞாபகம் அப்படி. அதற்குப் பிறகும் வாராவாரம் கிளம்பினால் டிக்கெட் காசைக் கூட்டிப் பாருங்கள், நல்ல ரூமுக்கு மாறியிருக்கலாம். சனி, ஞாயிறில்தான் கூட்டங்கள், புத்தக வெளியீடுகள், சீனியர்கள் சாவகாசமாகப் பேசக் கிடைக்கிற நேரம் எல்லாமே.

மெஸ்ஸுக்கு மாத அட்வான்ஸ் கட்டுவது

கட்ட வேண்டாம். முதல் பத்து நாள் டோக்கனில் சாப்பிடுங்கள். ஞாயிறு ராத்திரி மெஸ் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதி மெஸ் திறக்காது.