மாநாட்டில் முதல் கட்டுரை படைக்கப் போகிறவர்களுக்கு

என் தாத்தா காலமானபோது செய்தி நாளிதழில் வந்தது. பாட்டி காலமானபோது புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நம்மிடம் என்ன மாறியது என்பதுதான் என் முதுகலை ஆய்வு. மலேசியாவில், கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் கற்பித்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கிறேன். சமூக ஊடகம், பண்பாடு, சமுதாயம் பற்றிய மாநாடுகள் மூன்றில் கட்டுரை படைத்திருக்கிறேன், மூன்றும் கோலாலம்பூரில். அடுத்துப் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த மாநாடு என்று பாருங்கள். நீங்கள் கேட்காமலே மின்னஞ்சலில் வரும் அழைப்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பொறியியல், மருத்துவம், சமூகவியல் எல்லாம் ஒரே நாளில் ஒரே அறையில் என்றால் ஒதுங்கிவிடுங்கள். கட்டுரைச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்பு வந்தாலும், ஸ்கோப்பஸ் என்னும் ஆய்வுத் தரவுத்தளத்தில் இடம்பெறும் இதழில் கட்டாயம் வெளியாகும் என்று முன்கூட்டியே உறுதி சொன்னாலும் அதே கதைதான். ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்களின் பெயர்களை எடுத்து, அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடுங்கள். அப்புறம் உங்கள் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவர் கட்டணம் தனியாக இருக்கிறதா, முன்பதிவுச் சலுகை எந்தத் தேதி வரை என்று குறித்து வையுங்கள். கட்டுரை இல்லாமல் பார்வையாளராகவும் போகலாம். முதல் தடவை அப்படிப் போய் உட்கார்ந்து கேட்பது நல்ல தொடக்கம்.

ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் 250 அல்லது 300 சொற்கள். என் கேள்வி என்ன, தரவு எங்கிருந்து, எப்படிப் பார்த்தேன், என்ன கண்டேன் என்ற நான்கும் அதற்குள் இருக்க வேண்டும். 'மலேசியத் தமிழரும் சமூக ஊடகமும்' என்றுதான் நானும் முதலில் தலைப்பு வைத்தேன். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு, "யார், எங்கே, எதை?" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கடைசியில் அது மூன்று குடும்பங்களின் புலனக் குழுக்களில் வந்த மரண அறிவிப்புகளாகச் சுருங்கியது. தரவு சிறியதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். டுவிட்டர் தன் தரவுகளை ஆய்வாளர்கள் இலவசமாக எடுக்கும் வழியை 2023 இல் மூடியது. முகநூல் பதிவுகளைத் தேட உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்ட்டில் நிறுத்தப்பட்டது. இலட்சக்கணக்கில் பதிவுகளை அள்ளுவது இப்போது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே கடினம். தெரிந்த சிலரிடம் உட்கார்ந்து பேசி வாங்கிய தரவுக்கு இன்று மதிப்பு உண்டு.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இரண்டாவது மாநாட்டில் ஒரு முகநூல் மரண அறிவிப்பைத் திரையில் காட்டினேன். பெயரை மறைத்திருந்தேன், முகத்தை மங்கலாக்கியிருந்தேன். ஆனால் தோட்டத்தின் பெயர், கோயிலின் பெயர், கருமக்கிரியை நாள் மூன்றும் அப்படியே இருந்தன. தேநீர் இடைவேளையில் ஒரு பெண் என்னிடம் வந்தார். "டீச்சர், அது எங்க அண்ணன்" என்றார். கோபப்படவில்லை. "அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி போட்ட பதிவுதானே என்று எண்ணியிருந்தேன். அந்த அம்மா பதிவைப் போட்டது உறவினருக்கும் தோட்டத்து மக்களுக்கும். அறுபது பேர் குறிப்பெடுக்கும் அறைக்கு இல்லை.

இணைய ஆய்வாளர் சங்கமான ஏஓஐஆர் இதற்கென்றே வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. முதலாவது 2002 இல் வந்தது, மூன்றாவது 2019 இல். பொதுவில் இருக்கிறது என்பதாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது, யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது, எடுத்துக் காட்டினால் யாருக்கு வலிக்கும் என்று பாருங்கள் என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. தமிழில் எழுதுகிற நமக்கு இது இன்னும் நெருக்கமானது. மலேசியத் தமிழர் உலகம் சிறியது. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் ஆளையே சொன்ன மாதிரி.

இப்போது நான் செய்வது இதுதான். ஊர், கோயில், நாள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன். பதிவில் உள்ள ஒரு வரியை அப்படியே கூகுளில் இட்டுத் தேடுகிறேன். பதிவு அகப்பட்டால் அந்த வரியைக் காட்டுவதில்லை, கருத்தை மட்டும் என் சொற்களில் சொல்கிறேன். மூல வரியேதான் வேண்டுமென்றால் எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தமிழில் கேட்கிறேன். படிவம் அப்புறம்தான். புலனக் குழு என்றால் நிர்வாகி ஒருவர் சரி சொன்னால் போதாது, பேசிய ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்த சில்லிலும் (ஸ்லைடு) 'படம் எடுக்க வேண்டாம்' என்று மூலையில் எழுதுகிறேன், ஏனென்றால் மாநாட்டுக்கு வருகிறவர்களும் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுத்து உடனே பகிர்கிறவர்கள்தான். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குத் தரவு திரட்டும் முன்பே விண்ணப்பியுங்கள்.

சில்லுகளைப் பிடிஎஃப் ஆகவும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரங்கத்துக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். எனக்குக் கிடைத்த நேரம் எப்போதும் 15 நிமிடம். வீட்டில் கடிகாரம் வைத்து 13 நிமிடத்துக்குப் பழகுங்கள். ஆங்கிலத்தில் பேசினாலும் 'கருமக்கிரியை' போன்ற சொற்களைத் தமிழிலேயே சொல்லி விளக்குங்கள். அறிஞர்கள் அதைத்தான் ஆவலாகக் கேட்கிறார்கள்.

அன்றைய நாளுக்குச் சில சின்ன விஷயங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் என்றால் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா எல்ஆர்டி ரயிலில் நான்காவது நிறுத்தம் யூனிவர்சிட்டி. கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயிலில் வருகிறவர்கள் அப்துல்லா ஹுக்குமிலேயே மாறிக்கொள்ளலாம். வளாகம் பெரியது, மேடும் பள்ளமுமானது. நிலையத்திலிருந்து பேருந்தோ கிராப் வாடகைக் காரோ பிடியுங்கள். அரங்கம் குளிரும், சட்டைக்கு மேல் போட ஏதாவது வேண்டும். தொடக்க விழாவில் நாட்டுப்பண் நெகாராகூ பாடும்போது எழுந்து நிற்க வேண்டும். டத்தோ, டான் ஸ்ரீ பட்டங்களை விடாமல் விளியுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும், நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைவம் வேண்டுமென்றால் பதிவுப் படிவத்திலேயே குறியுங்கள். உணவு மேசையில் 'டாகிங்' என்று இருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மூன்று சதுர முள் கொண்ட மின்செருகி எடுத்து வாருங்கள், எம்டிஏசி என்னும் வருகை அட்டையைப் மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள்.

மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறையும். அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 இல் தொடங்கியது. தமிழறிஞர் தனிநாயக அடிகள் முன்னின்ற முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 இல் இதே கோலாலம்பூரில்தான் நடந்தது. நம் புலனக் குழுப் பேச்சும் ஆராயத்தக்க தமிழ்தான் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை, பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லி, கேட்டவரின் மின்னஞ்சலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரமே எழுதிவிடுங்கள். நீங்கள் கேட்பதாக இருந்தால் ஒரே கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். என் அனுபவத்தில், நிரலில் பெரிய பெயர்கள் இருக்கும் அமர்வைவிடக் கடைசி அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அமர்வில்தான் நல்ல உரையாடல் நடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அனுமதி தந்தவர்களுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்புங்கள். அரங்கில் என்ன காட்டினேன், என்ன சொன்னார்கள் என்று தமிழில் இரண்டு நிமிடம் போதும். போன முறை நான் அனுப்பியதைக் கேட்டுவிட்டு ஓர் அக்கா பதில் அனுப்பினார்: "சரி டீச்சர், ஆனா போன் இல்லாத கெழவிங்களுக்கு இப்ப யார் சாவு சொல்றா?" என் அடுத்த சுருக்கத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.