"டெல்லிப் பக்கமா? வேண்டவே வேண்டாம்": வேலைக்கு ஊர் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

என் தங்கைக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று குருகிராமில், நல்ல சம்பளம். இன்னொன்று பெங்களூரில், கொஞ்சம் குறைவு. "டெல்லிப் பக்கமா? வேண்டவே வேண்டாம்" என்று பெரியப்பா சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது. பெங்களூர் என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. அந்த வேலை இரவு ஷிப்ட், ஆபீஸ் வண்டி கிடையாது என்பதை நாங்கள் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் மூன்று மாதம் அவள் இரவு ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் தனியாக பிஜிக்கு, அதாவது வாடகைக்குத் தங்கியிருந்த விடுதிக்கு, திரும்பினாள். வீட்டில் சொன்னால் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று எங்களிடம் சொல்லவே இல்லை. இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது. ஊரின் பெயரைப் பார்த்தோம், அவள் அங்கே எப்படி நடமாடப் போகிறாள் என்பதைப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் நம்புவது பட்டியலை. என்.சி.ஆர்.பி. எனப்படும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் குற்ற அறிக்கை வெளியிடுகிறது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 19 நகரங்களுக்கு அதில் தனிக் கணக்கு உண்டு. அறிக்கை வந்த மறுநாளே "பாதுகாப்பான நகரம் எது" என்று செய்திகள் வரும். ஆனால் அந்தக் கணக்கில் இருப்பவை நடந்த குற்றங்கள் எல்லாம் அல்ல, போலீஸில் பதிவான வழக்குகள் மட்டுமே. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

2020ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஆண்டு அது. ஆனால் மொத்த வழக்குகள் ஏறின. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக, அதாவது இந்திய தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவில், முந்தைய ஆண்டு பதிவானவை முப்பதாயிரத்துக்கும் குறைவு. 2020ல் அது ஆறு லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலும் ஊரடங்கு வழக்குகள், அதிலும் தமிழ்நாட்டில் மிக அதிகம். பால் வாங்க வெளியே வந்து மாட்டிக்கொண்டவரும் அந்த எண்ணிக்கையில் ஒருவர். அந்த ஆண்டு எண்ணை மட்டும் பார்த்த வெளியூர்க்காரர், தமிழ்நாடு பயங்கரமான இடம் என்றுதான் நினைத்திருப்பார்.

கொச்சியும் அப்படித்தான். குற்ற விகிதத்தில் அது அடிக்கடி முன்வரிசையில் நிற்கும். கேரளத்தில் போலீஸுக்குப் போகத் தயங்காத மக்களும், வழக்குப் பதியும் பழக்கமும் அதற்குப் பெரிய காரணங்கள். டெல்லியில் வண்டி திருட்டுப் புகாரை ஆன்லைனிலேயே பதிந்துவிடலாம். அப்படி வசதி வந்தால் எண்ணும் ஏறும். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் ஊருக்கு இதே பட்டியலில் நல்ல பெயர் கிடைத்துவிடும். டெல்லியில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை, பெண்களுக்கு எதிரான குற்றங்களில் அங்கே உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரே எண்ணை வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிட முடியாது என்கிறேன்.

விகிதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்குகளை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள், சரி. ஆனால் நகரங்களுக்கு அவர்கள் எடுத்துவந்த மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உள்ளது. அதன் பிறகு பெங்களூர் எவ்வளவு வீங்கிவிட்டது என்று அங்கே வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். வேகமாக வளர்ந்த ஊரின் விகிதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அடுத்த தவறு, ஊரின் எல்லையைக் கவனிக்காமல் விடுவது. குருகிராம் ஹரியானாவில் இருக்கிறது, நொய்டா உத்தரப்பிரதேசத்தில். டெல்லி போலீஸின் கணக்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அந்த 19 நகரப் பட்டியலில் இரண்டுமே கிடையாது. ஹைதராபாத் ஐடி வேலை என்றால் பெரும்பாலும் மாதாப்பூர், கச்சிபௌலி பக்கம்தான். அது சைபராபாத் கமிஷனரகம், ஹைதராபாத் நகரப் போலீஸ் அல்ல. குறைந்த குற்ற விகிதத்துக்குப் பெயர் வாங்கிய கொல்கத்தாவிலும் ஐடி கம்பெனிகள் நிறைந்த சால்ட் லேக் ஐந்தாம் செக்டர் பிதான்நகர் கமிஷனரகத்துக்குள் வருகிறது. நம் சென்னையிலிருந்தும் 2022ல் தாம்பரம், ஆவடி தனியாகப் பிரிந்தன. ஆக, வீட்டில் விவாதம் நடப்பது ஓர் ஊரைப் பற்றி, பிள்ளை போய் இருக்கப்போவது வேறொரு போலீஸ் எல்லையில்.

எல்லாக் குற்றத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் தவறு. பைக் திருட்டு, செல்போன் பறிப்பு, ஆன்லைன் மோசடி, பாலியல் குற்றம் ஒவ்வொன்றும் வேறு ஆளை வேறு விதத்தில் தொடும். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்றுதான் என்.சி.ஆர்.பி. ஆண்டுக்கு ஆண்டு சொல்கிறது. நாமோ இருட்டுத் தெருவில் வரும் அந்நியனுக்கு மட்டும் பயப்படுகிறோம். ஆபீஸில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும் என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது.

சாலையை மறந்துவிடுகிறோம். 2022ல் இந்தியாவில் கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஆபீஸிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, வாடகை குறைவு என்று வீடு எடுத்து, தினமும் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகும் தம்பியைப் பற்றி யாரும் "அந்த ஊர் வேண்டாம்" என்று சொல்வதில்லை.

இதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. ஊரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள், வேலை தேடும்போதே வந்து மாட்டும் குற்றத்தைக் கவனிப்பதில்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்கும் போலி ஆஃபர் கடிதங்கள், நேரில் பார்க்காத பிஜிக்கு அட்வான்ஸ் அனுப்பச் சொல்பவர்கள், ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜென்ட்கள். தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022ல் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். அவர்கள் புறப்பட்டபோது பாங்காக் பாதுகாப்பான ஊர் என்றுதான் எல்லோரும் நம்பியிருப்பார்கள். வேலை கொடுப்பவர் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

சரி, அப்படியென்றால் எதைக் கேட்பது? ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது. ஆபீஸ் வண்டி வீட்டு வாசல் வரை வருமா, மெயின் ரோட்டோடு சரியா. கடைசியாக இறங்குபவர் பெண் என்றால் வண்டியில் பாதுகாவலர் இருப்பாரா. இவற்றை ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். கேட்டதற்காக வேலையைப் பறிக்கும் கம்பெனி என்றால், சேராமல் இருப்பதே நல்லது. அப்புறம், அட்வான்ஸ் கொடுக்குமுன் மெட்ரோ நிலையத்திலிருந்து பிஜி வரைக்கும், நீங்கள் திரும்பி வரப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் எந்தத் தெருவும் நல்ல தெருதான். அங்கே ஏற்கனவே தங்கியிருப்பவர்களிடம் பேசுங்கள். என் தங்கை பிறகு செய்தது இதைத்தான். ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில், இரவு முழுக்க ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அறை மாறினாள்.

போகும் ஊர் எதுவானாலும் 112 என்ற அவசர உதவி எண் போனில் இருக்கட்டும். ஏதாவது நடந்து, "இது எங்கள் எல்லை இல்லை" என்று ஒரு ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்த்தால் கிளம்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர்., அதாவது எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை, போடுங்கள் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அதை உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிவைப்பது அவர்கள் வேலை.