வீட்டு லேனில் முழு வேகம்: பழைய டிவியும் புது கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்சில்

"டிவியில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கு. அதைச் செருகினால் மொத்த நெட்வொர்க்கும் 100க்கு இறங்கிடுமா?" இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. இறங்காது. சுவிட்ச், அதாவது பல கருவிகளை கேபிளால் இணைக்கும் பெட்டி, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக வேகத்தை முடிவு செய்கிறது. டிவி 100இல் ஓடும்போதே பக்கத்துப் போர்ட்டில் கம்ப்யூட்டர் 1000இல், அதாவது ஒரு ஜிகாபிட்டில், ஓடும். அந்தப் பயம், சுவிட்சுக்கு முன்பு இருந்த ஹப் பெட்டிகளின் காலத்தோடு போய்விட்டது.

பார்க்க வேண்டியது வேறு. இரண்டு கருவிகளுக்கு நடுவே டேட்டா போகிற வழியில் எந்த இடம் மெதுவோ, அதுதான் அந்த வழியின் வேகம்.

படி 1: எதில் என்ன போர்ட் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பல ஸ்மார்ட் டிவிகளில் இன்னும் 100தான். ராஸ்பெரி பை 3 மாடல் பி என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் அப்படியே. பை 4இல் ஜிகாபிட் வந்துவிட்டது. புது மதர்போர்டுகளில் 2.5 ஜிகாபிட் சாதாரணம். ரவுட்டரை மறக்காதீர்கள், விலை குறைந்த சிலவற்றில் எல்லா லேன் போர்ட்டும் 100தான்.

படி 2: லிங்க் வேகத்தை, அதாவது கேபிளின் இரண்டு முனையும் ஒத்துக்கொண்ட வேகத்தை, பாருங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீடு' தெரியும். இரண்டு முனையும் ஜிகாபிட்டாக இருந்தும் 100/100 என்று காட்டினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

காரணம் இதுதான். கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 2 ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி 2 ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இன்டர்நெட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வேகம் மட்டும் 100க்கு இறங்கிவிடும். அதனால் வருஷக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. ஸ்பீடு டெஸ்ட் எத்தனை முறை போட்டாலும் 94 பக்கத்திலேயே நின்றால் இதுதான் அடையாளம்.

படி 3: கேபிளை மாற்றுங்கள். கேட் 5இ என்ற கேபிள் ரகம் போதும், 2.5 ஜிகாபிட்கூட அதில் 100 மீட்டர் வரை போகும். புதிதாகச் சுவருக்குள் இழுப்பதானால் கேட் 6 போடுங்கள். எதுவானாலும் முழுத் தாமிரம்தானா என்று பாருங்கள். ஒரு கம்பியின் முனையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னுகிறதா? அது தாமிரம் பூசிய அலுமினியம். வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: இடம் மாற்றிச் செருகுங்கள். வேகமான கம்ப்யூட்டரும் ஃபைல் சேமிக்கும் நாஸ் பெட்டியும் 2.5 ஜிகாபிட் சுவிட்சில் நேராகச் சேரட்டும். அங்கிருந்து ஒரே கேபிள் ரவுட்டருக்கு. டிவி, பிரின்டர் எல்லாம் ரவுட்டரிலேயே இருக்கட்டும். ரவுட்டர் ஜிகாபிட்டாகவே இருந்தாலும், அந்த இரண்டும் பேசிக்கொள்ளும் டேட்டா அதன் வழியாகப் போகாது. வேகத்தைக் கையால் செட் பண்ணாமல் ஆட்டோவிலேயே விடுங்கள்.

படி 5: ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை இரண்டு பக்கமும் போட்டு அளந்து பாருங்கள். ஜிகாபிட்டில் 940 எம்பிபிஎஸ், 2.5இல் 2300க்கு மேல் வந்தால் சரி. யுஎஸ்பி அடாப்டர் வைத்திருக்கும் லேப்டாப்பில் குறைவாக வந்தால், அதைச் செருகியிருப்பது யுஎஸ்பி 3 போர்ட்டில்தானா என்று பாருங்கள். யுஎஸ்பி 2 என்றால் 480ஐத் தாண்டவே தாண்டாது.